குறட்டை நின்றதும் தூங்கியவர்களுக்கு

நெடுஞ்சாலைகளிலேயே நரைத்து, இன்று இந்தப் பொதுக்குழுவுக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே. "சுருக்கமா முடிச்சிடுங்கம்மா" என்று என் காதருகே கேட்டுக்கொண்ட செயலாளர் அவர்களே. ஒரு கையை ஸ்டீயரிங்குக்கும் ஒரு கையைக் கியருக்கும் கொடுத்துவிட்டு, வாழ்நாளை வழிகளுக்கே எழுதி வைத்துவிட்ட மூத்த ஓட்டுநர் பெருமக்களே. முன்வரிசையில் நாற்காலிகள் காலியாகக் கிடக்க, பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் இளைய ஓட்டுநர்களே. ஏற்றவும் இறக்கவும் தோள் கொடுக்கும் தோழர்களே. கணவன் போயிருக்கும் ஊரில் மழையா வெயிலா என்று தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் என் தாய்மார்களே, தங்கைமார்களே. அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என் முகம் உங்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் என் குரல் தெரியும். "ஆறாவது மேடை காலி. அடுத்த வண்டி உள்ளே வரலாம். தார்ப்பாயைக் கட்டிவிட்டு நகரவும்." ஆமாம், அதே குரல்தான். சரக்கு முற்றத்து வாயிற்கூண்டில் உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் உங்களை ஓயாமல் விரட்டுகிறவள் நான்தான். சிரிக்கிறீர்கள். வரிசையில் காத்துக் காத்து வெறுத்துப்போய் இந்தக் குரலைத் திட்டாத ஓட்டுநர் இந்த மண்டபத்தில் ஒருவராவது உண்டா? திட்டியதெல்லாம் எனக்குக் கேட்டது. கூண்டின் கண்ணாடி அவ்வளவு தடிமன் இல்லை.

நான் இடியின் மனைவி.

இடி என்பது பெற்றவர்கள் அவருக்கு இட்ட பெயர் அல்ல. நீங்கள் இட்ட பெயர். ஓய்வுக்கூடத்தில் அவர் படுத்தால் தகரக்கூரை அதிர்கிறது என்று இட்ட பெயர். எவ்வளவு நல்ல மனிதருக்கும் நல்லதாக ஒரு பெயர் வைக்கத் தெரியாத கூட்டம் இது. ஒருவருக்குப் 'பஞ்சர்' என்று பெயர், ஒருவருக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர். அதோ, ரிவர்ஸ் எழுந்து கும்பிடுகிறார். உட்காருங்கள் தம்பி, உங்களைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

என்னை இந்த மேடைக்கு அழைத்தது நன்றி சொல்வதற்காக. அந்தக் கடமையை முதலில் செய்துவிடுகிறேன்.

அவர் உயிர் போன இடம் நேரான சாலை. நிர்மலமான நண்பகல். மழை இல்லை, மூடுபனி இல்லை, மேடில்லை, வளைவில்லை. ஓரத்தில் பழுதாகி ஒரு லாரி நின்றிருந்தது. சிவப்பு முக்கோணத்தை எடுத்துப் பின்னால் தூரத்தில் வைத்துவிட்டு, அதன் ஓட்டுநர் தள்ளிப்போய் மரத்தடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பிறகு என்னைத் தேடி வந்து சொன்னார். "வண்டி ஒரே நேரா வந்துச்சும்மா. ஹாரன் இல்ல, பிரேக் இல்ல. ஒதுங்கப் பாக்கவே இல்ல. தெரிஞ்சே வந்து மோதுற மாதிரி இருந்துச்சு. நான் கத்தினேன். கேக்கல." இதைச் சொல்லிவிட்டு, தன்மேல் தவறு இருக்கிறதோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை ஐயா, உங்கள்மேல் தவறு இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

சாலையில் டயர் தேய்ந்த தடம் இல்லை. தடம் இல்லை என்றதும் ஊர் என்ன சொன்னது? குடித்திருப்பான் என்றது. வாழ்நாளில் சோடாவைக்கூடச் சந்தேகத்தோடு முகர்ந்து பார்த்துக் குடித்த மனிதரைக் குடிகாரர் என்றது. அன்று இந்தச் சங்கம் எழுந்து நின்றது. தலைவர் அவர்கள் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். உடற்கூறு ஆய்வில் ஒரு துளிகூட இல்லை என்று நிரூபித்து, என் கணவரின் பெயரைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார். அதற்காக, இந்த அவையின் முன்னால் என் இரு கரம் கூப்பி நன்றி சொல்கிறேன். இந்த நன்றி என் உயிர் உள்ளவரை இருக்கும்.

நன்றி சொன்ன வாயாலேயே இனி உங்களோடு சண்டை போடப் போகிறேன்.

சற்று நேரத்தில் இங்கே ஒரு தீர்மானத்தை வாக்குக்கு விடப்போகிறீர்கள். கனரக வாகனம் ஓட்டுபவர்களின் மருத்துவத் தேர்வில் இனி எல்லாருக்கும் கட்டாயமாகச் சேர்க்கப்போகும் தூக்கப் பரிசோதனையை, அதாவது தூங்கும்போது மூச்சு தடைப்படுகிறதா என்று பார்க்கும் பரிசோதனையை, இந்தச் சங்கம் முழுமூச்சாக எதிர்க்கிறது என்பது தீர்மானம். முழுமூச்சாக என்று யார் எழுதினார்களோ தெரியவில்லை. அந்தத் தீர்மானத்தைத் தோற்கடியுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். அப்பனைப்போலவே லாரி ஓட்டும் என் மகனும் இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். வரும் திங்கட்கிழமை அவனுக்கு மருத்துவத் தேர்வு. தாய்மார்களே, இதில் எனக்குச் சொந்தப் பயம் இருக்கிறது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை.

மருத்துவத் தேர்வு என்றால் என்ன என்று இந்தத் தாய்மார்களுக்குத் தெரியுமா? உள்ளே மருத்துவர் நடத்துவது பிறகு. அதற்குச் சில நாள் முன்னாலேயே முற்றத்துக்கு வெளியே டீக்கடையில் ஒரு தேர்வு நடக்கும். தேர்வுக்குப் போகவேண்டியவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்காருவார்கள். பஞ்சர் அண்ணன் செல்போன் சார்ஜர் வயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மருத்துவராக மாறிவிடுவார்.

"சர்க்கரை உண்டா?"

"இல்லை."

"நெஞ்சுவலி, தலைவலி?"

"இல்லை."

"பகல்ல தூக்கம் வருமா?"

"இல்லை."

"குறட்டை?"

"இல்லை."

எதைக் கேட்டாலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்காதவர்கள்கூட இதைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் ஒப்பிப்பார்கள். இப்படித் தயாராகிப்போன ஒருவரிடம் மருத்துவர், "ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுதா?" என்று கேட்டாராம். நம்மாள் விறைப்பாக நிமிர்ந்து "இல்லை" என்றாராம். அவர் யார் என்று சொல்ல மாட்டேன். சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிற ஒரே ஆள் அவர்தான், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுத்தைச் சுற்றி நாடா வைத்து அளப்பார்கள். கழுத்து பருத்தவர்களுக்கு இந்த நோய் வர வாய்ப்பு அதிகம் என்பதால் அளப்பார்கள். அதற்கும் டீக்கடையில் பயிற்சி உண்டு. "தாடையைத் தூக்கு. மூச்சை உள்ள இழுத்துக்கோ. கொக்கு மாதிரி நில்லு." என் கணவர் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் கொக்கு மாதிரி நின்று பார்த்ததை நான் சமையலறையிலிருந்து பார்த்திருக்கிறேன். அவருக்கும் கொக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், அருமைச் சகோதரர்களே. "குறட்டை விடுவீர்களா?" என்ற கேள்வியை, உலகத்தில் அதைத் தன் காதால் ஒருநாளும் கேட்டிராத ஒரே ஆளிடம் போய்க் கேட்கிறார்களே, இது என்ன நியாயம்? கேட்டவர்கள் நாங்கள் அல்லவா? சுவருக்கு இந்தப் பக்கம் விழித்துக்கிடந்தவர்கள் நாங்கள் அல்லவா? பக்கத்துக் கட்டிலில் காதைப் பொத்திக்கொண்டு படுத்தவர்கள் நீங்கள் அல்லவா? சாட்சிகளையெல்லாம் வாசலுக்கு வெளியே உட்காரவைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவரை உள்ளே அழைத்து விசாரிப்பது எந்த ஊர் விசாரணை?

ஓட்டம் முடிந்து அவர் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் பகலில். குளிப்பார். சாப்பிட உட்காருவார். பாதிச் சாப்பாட்டில், விரல் தட்டில் இருக்கும்போதே தலை தொங்கிவிடும். "பாவம், அலுப்பு" என்று என் மாமியார் சொல்வார். மறுநாள் எழுந்தால் தலை பாரம் என்பார், வாய் வறண்டுவிட்டது என்பார். எட்டு மணி நேரம் படுத்தவருக்கு எங்கிருந்து வந்தது அலுப்பு?

படுத்ததும் தொடங்கும் அந்த இடி. அது எனக்குப் பழகிப்போன சத்தம், அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. சத்தம் ஏறும், ஏறும், ஏறிக்கொண்டே போகும், திடீரென்று நின்றுவிடும். நின்றதும் எழுந்து உட்காருவேன். அவர் நெஞ்சைப் பார்ப்பேன். அசையாது. அவர் மறுபடி எப்போது விடுகிறார் பார்க்கலாம் என்று நானும் என் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். எனக்கு முட்டும், அவருக்கு முட்டாது. பொறுக்க முடியாமல் தோளைப் பிடித்து உலுக்குவேன். தண்ணீருக்குள் அமுங்கிக் கிடந்தவர் மேலே வந்ததுபோல ஒரு இழுப்பு இழுப்பார்.

"என்னடி?"

"மூச்சு நின்னுடுச்சுங்க."

"நின்னா நான் எப்படி உன்கூடப் பேசிக்கிட்டிருக்கேன்? போய் வேலையைப் பாரு."

அவருக்கு அது வேடிக்கை. எழுப்பி எழுப்பி என் கை ஓய்ந்தது. நான் எழுப்பாத பொழுதுகளில் அவருடைய உயிரே அவரை எழுப்பியது. தொண்டை மூடிக்கொள்கிறது, மூச்சு அடைபடுகிறது, மூளை பதறிப்போய் உடம்பைத் தட்டி எழுப்புகிறது, ஒரு வாய் காற்று கிடைத்ததும் மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இப்படிப் படுக்கையில் கிடக்கும் நேரமெல்லாம் நடக்கும். விடிந்ததும் எதுவும் நினைவிருக்காது. நன்றாகத் தூங்கினேன் என்று சத்தியம் செய்வார்கள், அதுவும் பொய்ச்சத்தியம் அல்ல. தூங்காத மனிதர், தூங்கிவிட்டோம் என்று நம்பிக்கொண்டு, இருபது டன் இரும்பைக் கிளப்பிக்கொண்டு சாலைக்கு வருகிறார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் மருத்துவர். எப்படிச் சொன்னார் என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சென்ற ஆண்டு அவருக்கு மருத்துவத் தேர்வு. நானும் கூடப் போனேன். "லேடீஸ் வெளிய உக்காருங்க" என்றார்கள். உட்கார்ந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே ஒரு பெண் மருத்துவர், சின்ன வயது, ஒவ்வொன்றாகக் கேட்கிறார். இவர் இல்லை, இல்லை, இல்லை என்று டீக்கடைப் பாடத்தை ஒப்பிக்கிறார்.

"குறட்டை விடுவீங்களா?"

"இல்லை."

நான் பெஞ்சிலிருந்து எழுந்து, "விடுவார்" என்றேன்.

மெல்லச் சொல்லத்தான் நினைத்தேன். நாளெல்லாம் ஒலிபெருக்கியில் பேசுகிற தொண்டை இது, மெல்லச் சொல்ல வரவில்லை. வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மருத்துவர் கதவைத் திறந்து என்னை உள்ளே வரச் சொன்னார்.

"அவ சும்மா சொல்றா டாக்டர். என்மேல ஏதோ கோவம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அம்மா, நடுவுல மூச்சு நிக்குதா?"

"நிக்குது டாக்டர். நான்தான் உலுக்கி எழுப்புறேன்."

"ஓட்டத்துல போறப்ப யாரு எழுப்புவா?"

மருத்துவர் நாடாவை வைத்துக்கொண்டு அவருக்கு எல்லாம் விளக்கமாகச் சொன்னார். "பயப்படாதீங்கண்ணா. ஒரு ராத்திரி டெஸ்ட். இருக்குன்னா மூக்குல மாட்டிக்கிட்டுத் தூங்க ஒரு மெஷின் இருக்கு. சரியானதும் வண்டி ஓட்டலாம். டெஸ்ட் முடிச்சிட்டு வாங்க, அப்புறம் நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "என் பொழைப்புல நீயே மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்றார். அவர் என்னை அதற்கு முன் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. மகனும் அப்பா பக்கம்தான் நின்றான்.

பிறகு நடந்ததை இந்த அவை அறியும். இடிக்கு வேலை போய்விடும் என்று சங்கம் பதறியது. இன்னொரு இடம் விசாரித்தது. அங்கே குறட்டையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், கழுத்தை அளக்க மாட்டார்கள், வந்தவர்கள் போனவர்கள் எல்லாருக்கும் கையெழுத்துப் போடுவார்கள். தலைவர் அவர்கள் தன் சொந்தக் காரிலேயே அவரை அழைத்துப் போய் வந்தார். திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. மறுநாளே சரக்கு ஏற்றினார். நான்தான் கூண்டிலிருந்து அவருடைய வண்டி எண்ணை வாசித்து வெளியே அனுப்பினேன்.

தலைவர் அவர்களே, தயவுசெய்து தலையை நிமிர்த்துங்கள். இங்கே குற்றவாளிக் கூண்டு எதுவும் இல்லை. நீங்கள் அதை அன்பால் செய்தீர்கள். ஒரு தொழிலாளியின் அடுப்பு அணைந்துவிடக் கூடாது என்ற அன்பால் செய்தீர்கள். உங்கள் அன்பின்மேல் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அன்பாகச் செய்த காரியத்தாலும் ஆள் சாகிறான் என்பதுதான் என்னைத் தின்கிறது.

இனி ரிவர்ஸ் தம்பியைப் பற்றி. காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, ஓய்வுக்கூடத்தில் கிடந்த அவருடைய போர்வையையும் தலையணையையும் கொடுக்க இந்தத் தம்பி வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே, என்ன பேசுவது என்று தெரியாமல், பழைய கதையைச் சொல்லத் தொடங்கினார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னார்.

"அண்ணன் இல்லாம கூடமே வெறிச்சுனு இருக்கு அண்ணி. மத்தியானம் லோடுக்குக் காத்துக்கிட்டுப் படுத்திருப்போம். அண்ணன் சத்தத்துல ஒருத்தனும் கண்ண மூட முடியாது. நடுவுல பொசுக்குனு நிக்கும். உடனே யாராவது ஒருத்தன், 'நின்னுடுச்சு, சீக்கிரம் தூங்குங்கடா'ன்னு சொல்லுவான். மறுபடி ஆரம்பிக்கிறதுக்குள்ள தூங்கிடணும். எங்களுக்குள்ள அது ஒரு போட்டி."

நான் கேட்டேன். "சத்தம் நிக்கிறப்ப அவரு நெஞ்சு ஏறி இறங்குச்சா தம்பி?"

"அத யாரு பாத்தா அண்ணி? நாங்கதான் கண்ண மூடிக்கிட்டோமே."

அவருக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. "அப்போ அந்த நேரம் எல்லாம் அண்ணன்..." என்று தொடங்கினார், முடிக்கவில்லை. தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். நான் கொண்டுவந்த தண்ணீரை அவரால் குடிக்க முடியவில்லை.

அழாதீர்கள் தம்பி. உங்களை அழவைக்க இதைச் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவர், கொஞ்சம் அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் உடன்பிறவாச் சகோதரர்களே, எண்ணிப் பாருங்கள். அவர் மூச்சு ஓடியபோது நீங்கள் முகம் சுளித்தீர்கள். அவர் மூச்சு நின்றபோது நீங்கள் நிம்மதி அடைந்தீர்கள். இடி முழங்கியபோது எரிச்சல், இடி அடங்கியபோது இதம். ஒரு மனிதன் காற்றுக்குத் தவித்த நேரமெல்லாம் உங்களுக்குத் தாலாட்டு நேரமாக இருந்திருக்கிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் அவர்மேல் உயிரையே வைத்திருந்தீர்கள். ஆனாலும் கூடம் நிறைய ஆள் இருந்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையே.

வண்டியைக் கிளப்பும் முன்னால் எதைப் பார்ப்பீர்கள்? காற்று அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்ப்பீர்கள். பிரேக்குக்கு வேண்டிய காற்று ஏறாமல் வண்டியை நகர்த்துவீர்களா? மாட்டீர்கள். முதலாளியே வந்து முறைத்தாலும் மாட்டீர்கள். டயரைத் தட்டிப் பார்ப்பீர்கள், காற்றுக்கசிவு கேட்கிறதா என்று குனிந்து காது வைப்பீர்கள். வண்டியின் காற்றுக்கு இவ்வளவு மரியாதை. ஓட்டுகிறவரின் காற்றைக் கேட்டால் மட்டும் ஏன் கோபம் வருகிறது? ஏன் கொடி பிடிக்கத் தோன்றுகிறது? ஏன் தீர்மானம் போடத் தோன்றுகிறது?

என்ன? சத்தமாகக் கேளுங்கள், பின்னால் நிற்கும் தம்பி. "டெஸ்ட்ல இருக்குன்னு வந்தா வண்டியப் புடுங்கிடுவாங்க, வீட்ல சோறு யாரு போடுவா?" என்று கேட்கிறார். கைதட்டாதீர்கள், அவர் கேலியாகக் கேட்கவில்லை. அதே கேள்வியைத்தான் என் கணவரும் கேட்டார். உண்மையான கேள்வி, உரிய கேள்வி. அதற்குத்தானே தம்பி சங்கம் இருக்கிறது? பரிசோதனை வேண்டாம் என்று போராடும் இந்தச் சங்கம், பரிசோதனை முடிவு வரும்வரை முற்றத்திலேயே ஒரு வேலை கொடு என்று போராடக் கூடாதா? பரிசோதனைச் செலவை முதலாளி ஏற்கட்டும் என்று போராடக் கூடாதா? மூக்குக் கருவி மாட்டித் தேறியவருக்கு அதே வண்டியை அதே சாவியோடு திருப்பிக் கொடு என்று போராடக் கூடாதா? குடிநீருக்குப் போராடி வென்ற சங்கம், கழிப்பறைக்குப் போராடி வென்ற சங்கம், காற்றுக்குப் போராடினால் தோற்றுவிடுமா?

"அந்த மாஸ்க்கை மாட்டிக்கிட்டுப் படுத்தா பாக்கறவன் சிரிப்பான்" என்று முன்வரிசையில் ஒரு அண்ணன் முணுமுணுக்கிறார். சிரிக்கட்டும் அண்ணே. இந்தக் கூட்டம் எதற்குத்தான் சிரிக்கவில்லை? மூக்கில் தொங்கும் குழாயைப் பார்த்து யானை என்று பெயர் வைப்பார்கள், அதோடு முடிந்தது. அந்தப் பெயரால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நீங்கள் இருப்பீர்கள்.

இன்னும் ஒன்று கேளுங்கள். தேர்வு அறைக்குள் எங்களையும் விடச் சொல்லுங்கள். மனைவியோ, அண்ணனோ, தம்பியோ, கூட வண்டி ஓட்டுகிறவரோ, பக்கத்தில் படுக்கும் யாராவது ஒருவரை அழைத்து, "இவர் எப்படித் தூங்குகிறார்?" என்று கேட்கச் சொல்லுங்கள். நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். பொய் சொல்லும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

செயலாளர் எழுந்து நிற்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா. இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குச் சொல்லக் கடினமானது.

என் மகன் இங்கே உட்கார்ந்திருக்கிறான் என்றேன். அப்பன் உடம்பு. அதே தோள், அதே கழுத்து, அதே பசி. நேற்று மாலை வேலை முடிந்து வரும்போது டீக்கடையைத் தாண்டி வந்தேன். முதல் பெஞ்சில் அவன். பஞ்சர் அண்ணன் கேட்கிறார், அவன் கணீரென்று "இல்லை" என்கிறான். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட என்னடா சொல்லப் போறே?"

"எல்லாரும் சொல்றதத்தாம்மா."

"அப்பாவும் அதத்தானே சொன்னாரு?"

"அப்பா தூங்கிட்டாரும்மா. நான் தூங்க மாட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவனே வந்து, "நாளைக்கு மேடையில என்னப் பத்தி ஒண்ணும் பேசிடாதம்மா. அசிங்கமாப் போயிடும்" என்றான். சரி என்று நான் சொல்லவில்லை. சரி என்று சொன்னதாக அவன் எடுத்துக்கொண்டான்.

அன்று ஒரு கதவுக்கு வெளியே நின்று ஒரே ஒரு மருத்துவருக்குச் சொன்னேன். என் கணவருக்கு இன்னொரு கதவு திறந்தது. இன்று ஒரு மண்டபத்துக்கே சொல்கிறேன். தலைவர் கேட்க, செயலாளர் கேட்க, வண்டி கொடுக்கும் முதலாளிகளின் காதில் நாளை விழட்டும் என்றே சொல்கிறேன். என் மகன் குறட்டை விடுகிறான். நடுவில் அவன் மூச்சு நின்றுபோகிறது. போன வாரம் நான் அவன் தோளை உலுக்கி எழுப்பினேன். இனி எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் போய் அவன் இல்லை என்று சொன்னாலும், அது பொய் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அவனுக்குச் சாவி கொடுக்கிறவர் யாரோ, அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொடுக்கட்டும்.

எழுந்துவிட்டான். வழி விடுங்கள். நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போகிறான், யாரும் அவனைத் தடுக்க வேண்டாம், யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். போ மகனே. கேட்கும் தூரத்தில் இருக்கும்வரை இதைக் கேட்டுக்கொண்டே போ. உன்னை ஊருக்கு முன்னால் அவமானப்படுத்திவிட்டேன். உன் அப்பாவும் என்னை மன்னிக்காமல்தான் போனார், நீயும் மன்னிக்காதே. என்னோடு பேசாதே. உன் திருமணத்துக்கு என்னைக் கூப்பிடாதே. தலை நரைக்கும்வரை கோபமாகவே இரு. உன் தலை நரைத்திருப்பதை நான் தூரத்தில் எங்காவது நின்று பார்த்துக்கொள்கிறேன். எனக்கு அது போதும்.

தலைவர் அவர்களே, தீர்மானத்தை வாக்குக்கு விடுங்கள். கை தூக்குகிறவர்கள், தூக்கும் முன்னால், வீட்டில் உங்கள் பக்கத்தில் படுத்திருப்பவரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். என் கணவரின் பெயரைக் காத்துத் தந்த சங்கத்துக்கும், கசப்பாகப் பேசியதைக் காது கொடுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், எனக்காகக் கண் கலங்கும் தாய்மார்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. அவன் வாசலில் நிற்கிறானா, போய்விட்டானா என்று நான் பார்க்க வேண்டும். அதனால் இத்தோடு இறங்கிக்கொள்கிறேன். வணக்கம்.